எத்தியோப்பியாவில் காபியை மரியாதையாக மறுக்க வழி உண்டா?

மகளும் மருமகனும் எத்தியோப்பியாவின் ஹவாசாவில் மிஷனரிகள். அவர்களைப் பார்க்க நானும் மனைவியும் வந்திருக்கிறோம். இந்த மாதக் கடைசிவரை இருப்போம். அக்கம்பக்கத்தார் மாறி மாறி அழைக்கிறார்கள். எங்கே போனாலும் காபிதான் சிக்கல்.

பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து காட்டி, இடித்து, ஜெபெனா என்ற மண் குடுவையில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. மூன்றாவதுதான் ஆசீர்வாதம், அதற்குமுன் எழுந்துவிட்டால் மரியாதை இல்லை. அத்தனை அன்பாகச் செய்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல மனசே வரவில்லை.

மனைவி இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முதல் கிண்ணத்திலேயே படபடப்பு, அப்புறம் விடிய விடியத் தூக்கமில்லை. பாதியில் வைத்தால் மறுபடி நிரப்பிவிடுகிறார்கள். பால் கேட்டோம், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் வீடு, வெள்ளிக்கிழமை உபவாசம், பால் கிடையாது. மருமகன் அவர்களுடைய அம்ஹாரிக் மொழியில் உடல்நிலையை எடுத்துச் சொன்னார். சரி என்றார்கள், ஆனால் வீட்டுப் பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. நாங்கள் கிளம்பிய பிறகும் பிள்ளைகள் இவர்களோடுதானே வாழ வேண்டும்?

அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்: காபி குடிக்காமல், அவர்கள் மனம் நோகாமல், மூன்று சுற்றும் கூடவே உட்கார்ந்திருக்க என்ன சொல்லலாம், என்ன செய்யலாம்?