ஏஎன்-32இல் பறந்தவர்கள் எழுதுங்கள்

ரிட்டயர்டு ஃபிட்டர்:
ஏர்ஃபோர்ஸில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். நம் விமானப்படையின் சரக்கு விமானமான ஏஎன்-32 என்றாலே விழுகிற விமானம் என்று பேசுகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. 1984இல் இருந்து நம்மிடம் ஓடுகிற வண்டி. வெயிலிலும் உயரமான மலை ஓடுதளங்களிலும் இறங்கி ஏற வேண்டும் என்றுதான் எஞ்சின் இரண்டையும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்துப் பெரிய புரொப்பெல்லர் மாட்டினார்கள்.

உள்ளே வசதி என்று எதுவும் கிடையாது. இரண்டு பக்கச் சுவரோரமும் பெஞ்சு மாதிரி சீட், நடுவில் வலை போட்டுக் கட்டிய சரக்கு, காதில் பஞ்சு. பக்கத்தில் இருப்பவரிடம் எதாவது சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும், இல்லையென்றால் சைகைதான். தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். லீவுக்கு வரும்போதெல்லாம் ஆளையும் சரக்கையும் ஏற்றிப் போகிற அந்தக் கூரியர் விமானத்தில் இடம் கிடைக்காதா என்று அலைவோம், பயந்து யாரும் வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

2016 ஜூலை 22 அன்று காணாமல் போனதும் அதே வாராந்திரக் கூரியர்தான். காலை எட்டரைக்குக் கிளம்பியது, உள்ளே 29 பேர். 9.12 வாக்கில் ரேடாரில் கடைசியாகத் தெரிந்தபோது 23,000 அடியில் இருந்து இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் தகவல். விபத்து நடந்தால் இடத்தைக் காட்டுகிற அவசர பீக்கன் இருந்தது, ஆனால் அதன் ரேடியோ சிக்னல் தண்ணீருக்கு அடியில் இருந்து மேலே வராது. கடலுக்குள் இருந்து ஒலி எழுப்புகிற கருவி அந்த விமானத்தில் இல்லை. கடல் மேல் வாரா வாரம் போகிற விமானத்தில் அது ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. கப்பலும் விமானமுமாக வாரக்கணக்கில் தேடினார்கள், செப்டம்பரில் குடும்பங்களுக்கு இறந்ததாகக் கருதப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கடல் சர்வேயர்:
அண்ணா, ஆழ்கடல் சர்வே கப்பலில் வேலை பார்க்கிறேன். அந்தத் தேடலில் நான் இல்லை, ஆனால் ஏன் அத்தனை வருஷம் ஆனது என்று சொல்ல முடியும். அந்த விமானத்தின் சிதைவுகள் கிடைத்த இடத்தில் ஆழம் 3,400 மீட்டர். கப்பலில் இருந்தபடியே சோனார் (ஒலி அனுப்பி எதிரொலியால் கடல்தரையைப் பார்க்கும் கருவி) அடித்தால் அந்த ஆழத்தில் ஒரு புள்ளி என்பதே தரையில் அறுபது மீட்டர் அகலம் வரும். ஏஎன்-32இன் இறக்கை முழுசாக இருந்தாலே 29 மீட்டர்தான், உடைந்து சிதறினால் கேட்கவே வேண்டாம். அதனால் சோனாரைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிதான் அதைச் செய்தது. கேபிள் கிடையாது, வழியைப் பதிந்து விட்டால் தானே போய்ப் படம் எடுத்துத் திரும்பும். சிதைவுகள் கிடைத்ததை 2024 ஜனவரியில் அறிவித்தார்கள், இடம் சென்னையில் இருந்து சுமார் 140 கடல் மைல். அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை என்பதையும் வைத்துத்தான் இது அதுவாகத்தான் இருக்கும் என்று சொன்னார்கள்.

மலைப்பயணி:
ஏஎன்-32 இல்லை, அதன் பெரியண்ணன் ஏஎன்-12 பற்றி எழுதலாமா? இமாச்சலத்தில் சந்திரதால் ஏரிக்குப் போகும் வழியில் பாத்தல் என்று ஒரு இடம், தாபாவில் டீ குடிக்கும்போது எங்கள் டிரைவர் எதிரே இருந்த பனிமலையைக் காட்டி, அதற்குள் நூறு பேர் இருக்கிறார்கள் என்றார். கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தால் அத்தனையும் உண்மை. 1968 பிப்ரவரி 7, சண்டிகரில் இருந்து லே போன விமானம், 102 பேர், வானிலை மோசமாகித் திரும்பும்போது ரோதாங் கணவாய் பக்கம் காணாமல் போயிருக்கிறது. 2003இல் மலையேறப் போனவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டிருக்கிறது. பனியாறு நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. 2024 செப்டம்பரில் நாலு உடல்கள், அதில் ஒருவர் கேரளாவின் பத்தனம்திட்டா மாவட்டத்துக்காரர். 56 வருஷம் கழித்து ஊரில் அடக்கம் செய்தார்கள்.

ரிட்டயர்டு ஃபிட்டர்:
எழுதுங்கள் தம்பி, இதற்குத்தானே திரி. ஏஎன்-12இல் நான் வேலை பார்த்ததில்லை, எங்கள் சீனியர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அருணாச்சலத்தில் மேச்சுகா பக்கம் இருந்தவர்கள் யாராவது உண்டா? அங்கே 2009 ஜூனில் ஒரு ஏஎன்-32 விழுந்தது, 2019 ஜூனில் இன்னொன்று, இரண்டிலும் 13 பேர். பள்ளத்தாக்கு குறுகல், மேகம் மூடினால் திரும்ப இடம் இருக்காது. 2019இல் ஜோர்ஹாட்டில் இருந்து கிளம்பியதை எட்டாவது நாள் லிப்போ கிராமத்துக்கு வடக்கே 12,000 அடியில் கண்டுபிடித்தார்கள். உடல்களை மீட்க இறங்கிய குழு வானிலையால் அங்கேயே மாட்டிக்கொண்டது. உள்ளூர் ஆட்களும் சேர்த்துப் பதினைந்து பேர், இரண்டு வாரத்துக்கு மேல், ஹெலிகாப்டர் வர வழியில்லாமல். அவர்களைப் பற்றி யாருக்காவது நேரடியாகத் தெரிந்தால் சொல்லுங்கள்.