ஏடிஎச்டி உள்ள தம்பிக்குப் பயிற்றுநர் தேவையா?

கல்லடி அக்கா:
வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தம்பிக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு, இருப்பதை உளநல வைத்தியர் உறுதிசெய்து மருந்து தொடங்கியிருக்கிறார். கவனம் சீரான பின்னரும், ஒப்படை எழுத அமர்ந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நள்ளிரவு வரை வெற்றுத் தாளோடு இருக்கிறான். இது சிறுபிள்ளைகளின் நோய் என்கிறார் அம்மா. வேலையைத் திட்டமிட்டுத் தொடங்கப் பழக்கும் இணையவழிப் பயிற்றுநரிடம் சேர்க்கலாமா?

களுவாஞ்சிக்குடி ஆசிரியர்:
சேர்க்கலாம், தங்கச்சி, ஆனால் அவர் வைத்தியருக்கு மாற்றாகமாட்டார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோயறிதல் கையேடு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறதேயன்றி, வளர்ந்ததும் அவை மறைந்துவிடும் என்று சொல்லவில்லை. திட்டமிடுதல், தொடங்குதல், நேரத்தைக் கணித்தல் ஆகியவற்றில் மூளை தடுமாறுவதால், செய்யவேண்டியது நன்றாகத் தெரிந்திருந்தும் உரிய வேளையில் செய்ய முடியாமல் தவிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது பெரிய அநியாயம். நல்ல பயிற்றுநர் "ஒப்படையை முடி" என்று சொல்லமாட்டார். "இன்று மாலை தலைப்பையும் முதல் பந்தியையும் எழுதி எனக்கு அனுப்பு" என்பார், அனுப்பாவிட்டால் கடிந்துகொள்ளாமல் எது தடுத்தது என்று கேட்பார். பெரும்பாலான நாடுகளில் இத்தொழிலுக்கு உரிமம் கட்டாயமில்லை என்பதால், அவருடைய பயிற்சியையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்பவரை உடனே விட்டுவிடுங்கள்.

ஒலுவில் மாணவி:
அக்கா, எனக்கும் இதே நிலைதான். நான் எழுதும்போது விடுதித் தோழி அருகில் அமர்ந்து தன் பாடத்தைப் படிப்பாள். அதுவே எனக்குத் தொடங்கும் தெம்பைத் தருகிறது. பணம் கட்டுவதற்கு முன், தம்பியோடு நீங்களே அப்படி அமர்ந்து பார்க்கலாம்.