லெக்சஸ் ஆர்எக்ஸ் 450எச்: ஓசையும் குலுக்கலும் குறைந்த டயர் எது?

உப்புவெளியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பான லெக்சஸ் ஆர்எக்ஸ் 450எச் ஜீப் ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். சில்லுகள் 20 அங்குலம். டயரின் அளவு 235/55 ஆர் 20. முதுகெலும்புச் சிகிச்சைக்காக அம்மாவை மாதத்துக்கு ஒருமுறையாவது திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம். வாகனத்தை வாங்கிய காலத்தில் அம்மா பின் ஆசனத்தில் சாய்ந்தபடி நிம்மதியாக வருவார். இப்போது பாதி வழியிலேயே இறங்கி நிற்க வேண்டும் என்கிறார்.

சென்ற முறை டயர் மாற்றியபோது, நம் பக்கத்து வீதிகளுக்கு இதுதான் தாங்கும் என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, மேற்பரப்பு பெரிய பெரிய கட்டைகளாக வெட்டப்பட்ட, சேற்று வழிக்கும் உதவும் வகையைப் போட்டுவிட்டேன். தம்பலகாமத்தில் எங்களுக்கு வயல் இருக்கிறது. அங்கே போகும் கிரவல் பாதையை நினைத்துத்தான் நானும் சம்மதித்தேன். 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் ஓயாத உறுமல் ஒன்று தொடங்குகிறது. அதோடு, வீதியில் ஒட்டுப்போட்ட இடங்களிலும் பாலங்களின் இணைப்புகளிலும் ஏறும்போது வரும் அதிர்ச்சி நேரே ஆசனத்துக்கு வந்து சேர்கிறது. நான்கு டயர்களையும் மாற்ற முடிவு செய்திருக்கிறேன். உள்ளே பஞ்சு ஒட்டிய அமைதியான டயர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவற்றை வாங்குவதா, வேறு ஏதும் வழி உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கராஜ்காரர் எழுதியது:

தம்பி, புதிய டயருக்குக் காசு கொடுக்கும் முன், நீங்கள் கேட்பது டயரின் ஓசைதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சில்லின் பெயாரிங் தேய்ந்தாலும் இதே மாதிரி உறுமல்தான் கேட்கும். நான் கராஜ் நடத்திய காலத்தில், புதிய டயர் நான்கையும் போட்டுவிட்டு, ஓசை அப்படியே இருக்கிறதே என்று மனம் நொந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரித்தறிவது கடினமல்ல. வீதி வெறுமையாக இருக்கும் நேரத்தில், 60 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது ஓசை கூடி மறுபக்கம் திருப்பும்போது தணிந்தால் பெரும்பாலும் அது பெயாரிங். காபட் வீதியில் குறைந்து, கரடான வீதியில் கூடினால் அது டயர்.

அடுத்ததாக, வாகனத்தை நிறுத்தி, டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் மரம் அரியும் வாளின் பற்களைப் போலவும் இருந்தால், கட்டைகள் சாய்வாகத் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். கட்டைகள் பெரிதாக வெட்டப்பட்ட டயர்களில் இது சீக்கிரம் வரும். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றாமல் நீண்ட காலம் ஓடினால் இன்னும் சீக்கிரம் வரும். இந்தத் தேய்வு வந்த பிறகு சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் எலைன்மென்ட் பார்த்தாலும் ஓசை போகாது.

இன்னொரு காரியமும் உண்டு. ஜீப் என்றாலே 40 பிஎஸ்ஐ காற்று அடித்துவிடும் பழக்கம் நம் ஊரில் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் வாகனத்துக்குரிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். அது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. அதாவது காலையில் வாகனத்தை எடுக்கும் முன்பு அளக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொதிக்கும் வீதியில் ஓடி வந்து நிறுத்தியதும் அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஆனால் குளிர்ந்த நிலையிலேயே கூடுதலாக இருந்தால், நீங்கள் சொல்லும் அதிர்ச்சியில் ஒரு பங்கு அதனால்தான் வருகிறது.

கந்தளாய்ப் பயணி எழுதியது:

ஐயா சொன்ன பரிசோதனைகளை முதலில் செய்யுங்கள். டயர்தான் காரணம் என்று உறுதியானால், எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு முன்னால் எந்த அளவு என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். டயரின் பெயரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நாம், சில்லின் விளிம்புக்கும் வீதியில் படும் மேற்பரப்புக்கும் இடையிலுள்ள பக்கச்சுவரின் உயரத்தைக் கவனிப்பதில்லை என்பது என்னுடைய நெடுநாள் மனக்குறை.

உங்கள் அளவில் உள்ள 55 என்பது, டயரின் அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கிறது. 235 மில்லிமீற்றரில் 55 வீதம் ஏறத்தாழ 129 மில்லிமீற்றர். இதே வாகனம் தொழிற்சாலையிலிருந்து 18 அங்குலச் சில்லுடனும் வந்தது. அதற்குரிய டயர் 235/65 ஆர் 18. அதன் பக்கச்சுவர் ஏறத்தாழ 153 மில்லிமீற்றர். குழிக்கும் உங்கள் அம்மாவின் முதுகுக்கும் இடையில் 24 மில்லிமீற்றர் காற்றும் ரப்பரும் கூடுதலாகக் கிடைக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். மொத்த விட்டமோ 766 மில்லிமீற்றரிலிருந்து 763 ஆகத்தான் குறைகிறது. நூற்றுக்கு அரை வீதமான அந்த மாற்றத்தால், வேகமானி 70 காட்டும்போது ஏற்படும் வேறுபாடு அரைக் கிலோமீற்றருக்கும் குறைவு. 20 அங்குலச் சில்லு கண்ணுக்கு அழகுதான். ஆனால் நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு 18 அங்குலமே ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுமைக் குறியீட்டை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. உங்கள் வாகனம் வெறுமையாகவே இரண்டு தொன்னுக்கு மேல் நிறையுடையது. வேகக் குறியீடு நம் நாட்டில் அவ்வளவு பெரிய கேள்வியல்ல. நெடுஞ்சாலையில் சட்டப்படி 70, அதிவேகப் பாதையில் 100 என்னும்போது, 210 கிலோமீற்றருக்கான எச் வகையே தாராளம். ஆயினும் தொழிற்சாலை விதித்ததற்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

வகையைப் பொறுத்தவரை, வீதிக்கென்றே செய்யப்பட்டதை வாங்குங்கள். பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. யொகோஹாமாவின் ஜியோலாண்டர் என்ற ஒரே பெயரில் வீதிக்கான சிவி, எல்லா நிலத்துக்குமான ஏ/டி, சேற்றுக்கான எம்/டி என்று குணத்தில் நேரெதிரான டயர்கள் இருக்கின்றன. பிரிட்ஜ்ஸ்டோனில் அலென்ஸா வரிசையும், மிஷலினில் பிரைமசி எஸ்யூவி வரிசையும் வீதிக்கானவை. தம்பலகாமத்துக் கிரவல் பாதைக்கு இவை போதும். அறுவடைக் காலத்தில் மெதுவாகப் போனால் போதும். மாதத்தில் சில மணி நேரம் ஓடும் கிரவலுக்காக, மீதி நாளெல்லாம் உறுமலைச் சகித்துக்கொள்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

நிலாவெளி விடுதி எழுதியது:

நான் விடுதி நடத்துகிறேன். கட்டுநாயக்கவிலிருந்து விருந்தினரை அழைத்துவரும் ஜீப் ஒன்றில் பஞ்சு ஒட்டிய டயர்களை இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். பஞ்சைப் பற்றிச் சகோதரர் கேட்டதால் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டயருக்குள் அடைபட்ட காற்று, வீதியின் அதிர்ச்சியால் தானே ஒரு குழலைப் போல ஒலிக்கத் தொடங்கும். உங்கள் அளவு டயரின் உட்புறக் காற்று வளையத்தின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீற்றர். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், அந்த ஒலி 170 ஹேர்ட்ஸ் அளவில் அமையும். காதுக்குத் தடித்த ஊங்காரமாகக் கேட்பது இதுதான். கொன்டினென்டல், பிரெல்லி, மிஷலின் போன்றவை உட்புறத்தில் ஒட்டும் பொலியூரத்தேன் பஞ்சு இந்த ஊங்காரத்தைத்தான் தணிக்கிறது. கட்டைகள் வீதியில் அறைவதால் வரும் உறுமலைப் பஞ்சு தணிப்பதில்லை. குலுக்கலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எங்கள் வாகனத்தில் ஓட்டைவிழுந்தபோது, ஒட்டுப்போடும் இடத்தில் பஞ்சை வெட்டி அகற்ற வேண்டியிருந்தது. அதைச் செய்ய முன்வரும் கடையைத் தேடி அரைநாள் போயிற்று. உங்கள் சூழ்நிலையில் 18 அங்குலமே நல்லது என்று கந்தளாய்க்காரர் சொல்வதோடு உடன்படுகிறேன்.

ஆனால் ஒரு விடயத்தில் அவரோடு முரண்படுகிறேன். அமைதியைத் தேடும்போது ஈரப் பிடிப்பை, அதாவது நனைந்த வீதியில் டயர் வழுக்காமல் பிடிக்கும் திறனை, அவர் பேசவே இல்லை. ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்று மழையில் நம் வீதிகள் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒட்டுத்தாள் இருக்கும் டயராக இருந்தால், 2021 மே முதல் நடைமுறையில் உள்ள அந்தத் தாளில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் ஈ வரை தரம் இருக்கும். ஏ அல்லது பி இல்லாததை வாங்க வேண்டாம். அதே தாளில் உள்ள டெசிபெல் அளவைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அது, இயந்திரத்தை நிறுத்திய நிலையில் வாகனம் கடந்து போகும்போது வீதியோரத்தில் அளந்த ஓசை. உள்ளே இருப்பவரின் காதுக்கு எட்டுவது வேறு.

உப்புவெளியான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கன்னியா வீதியில் நேற்று அதிகாலை ஓடிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஓசையில் மாற்றம் இல்லை. கையால் தடவியபோது, பின் டயர் இரண்டிலும் ஐயா சொன்ன அதே வாள் பற்கள். காற்று நான்கிலும் 40க்கு மேல் இருந்தது. கதவுத் தூணில் உள்ள அளவுக்குக் குறைத்தவுடனே அதிர்ச்சி ஓரளவு தணிந்தது. 18 அங்குலச் சில்லுகளைத் தேடத் தொடங்கிவிட்டேன். பாவித்த சில்லு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழைய கராஜ்காரர் எழுதியது:

நட்டு பூட்டும் துளைகள் ஐந்து, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர், நடுத்துளையின் விட்டம் 60.1 மில்லிமீற்றர். நடுத்துளை பெரிதாக உள்ள வெளிச் சந்தைச் சில்லு என்றால், இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பலன்ஸ் பார்த்தாலும் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். லெக்சஸின் சொந்தச் சில்லே கிடைத்தால் மிக நல்லது. தட்டையான வாஷர் உள்ள உங்கள் நட்டுகளே அதற்குப் பொருந்தும். வெளிச் சந்தைச் சில்லுகளுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு வேண்டும். இரண்டையும் மாற்றிப் போடுவது உயிருக்கே ஆபத்து. இதைக் கடைக்காரர் கவனிப்பார் என்று விட்டுவிடாமல், நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

சில்லை வெறுமையாகப் பலன்ஸ் இயந்திரத்தில் சுற்றவிட்டு, விளிம்பு அலைகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். டயரின் பக்கத்தில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த டயரின் ரப்பர் இறுகியிருக்கும். அப்படி இறுகிய டயர் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு அமைதி தராது.

உப்புவெளியான் எழுதியது:

கொழும்பில் லெக்சஸின் சொந்தச் சில்லுகளே கிடைத்தன. நான்கில் ஒன்று இயந்திரத்தில் அலைந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று எடுத்தேன். வீதிக்கான வகையில், ஈரப் பிடிப்பு ஏ தரமுள்ள நான்கு டயர்களைப் போட்டு, நேற்று அம்மாவோடு திரும்பி வந்தேன். பாலத்து இணைப்புகளில் இப்போது ஓசை மட்டும் மெல்லக் கேட்கிறது. அதிர்ச்சி ஆசனம் வரை வரவில்லை. அம்மா ஹபரணையில் தேநீருக்காக இறங்கினார். வலிக்காக எங்கும் இறங்கவில்லை. 10,000 கிலோமீற்றரில் முன்பின் மாற்றுவதற்கு இன்றைய மானி அளவைக் குறித்து வைத்திருக்கிறேன்.