ரொறன்ரோவிலிருந்து மொன்றியல்: விமானமா, காரா?

வீதியால் சுமார் 540 கி.மீ., ஆகாயத்தால் 500 கி.மீ.க்குச் சற்று மேல். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம், கார் ஓட்டம் ஐந்தரை மணித்தியாலம். இதை மட்டும் பார்த்து டிக்கெற் போடாதீர்கள். வீட்டு வாசலில் இருந்து போய்ச் சேரும் வாசல் வரை கணக்குப் பாருங்கள்.

நீங்கள் இருப்பது ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் என்றால் பியர்சன் விமான நிலையம் மேற்கே, மொன்றியலோ கிழக்கே. எதிர்த்திசையில் போக, நெரிசல் நேரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். விமானத்துக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் முந்தி நிற்கவேண்டும். இறங்குவது டோர்வாலில் உள்ள மொன்றியல் விமான நிலையத்தில். அங்கிருந்து நகர மையத்துக்கு 747 பஸ் இரவு பகலாக ஓடுகிறது, ஆனால் முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாது. எல்லாம் கூட்டினால் ஐந்து மணித்தியாலத்தை நெருங்கிவிடும். மூன்று, நான்கு பேர் போவதென்றால் கார்தான் சரி. 100 கி.மீ.க்கு 8 லீற்றர் குடிக்கும் காருக்கு ஒரு வழிக்கு 43 லீற்றர் பெற்றோல் போதும்.

டவுன்ரவுனில் இருந்து தனியாகப் போகிறவருக்குக் கணக்கு வேறு. ரொறன்ரோத் தீவில் உள்ள பில்லி பிஷப் விமான நிலையத்துக்குச் சுரங்கப்பாதையால் நடந்தே போகலாம். அங்கே விமானம் உண்மையாகவே நேரத்தை மிச்சம் பிடிக்கும். யூனியன் நிலையத்தில் ஏறினால் வியா ரயிலும் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான்.

காரில் போகிறவர்கள் 401ஆம் இலக்க நெடுஞ்சாலையின் எக்ஸிற் இலக்கங்களைக் கவனியுங்கள். அவை வின்ட்சர் பக்கமிருந்து எண்ணப்படும் கிலோமீற்றர்கள். மார்க்கம் ரோட் 380, கிங்ஸ்ரன் 617, கோர்ன்வால் 789, கியூபெக் எல்லை 828. கழித்துப் பார்த்தால் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று போனைப் பார்க்காமலே தெரியும். கிங்ஸ்ரன் ஏறக்குறைய பாதிவழி. அதற்குச் சற்று முன்னால் ஒடெசாவில் ஒன்ரூட் என்ற நெடுஞ்சாலைத் தங்குமிடம் இருக்கிறது, பிள்ளைகளோடு போனால் அங்கே நிறுத்துங்கள். கியூபெக்கில் பெற்றோல் பெரும்பாலும் விலை கூட, கோர்ன்வாலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டினால் 401 முடிந்து 20ஆம் இலக்க நெடுஞ்சாலை. வோட்ரை-டோரியனில் அது சிக்னல் விளக்குகளோடு ஊர்த்தெருவாக மாறும், அங்கேதான் நேரம் போகும். மற்ற வழியான 40ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இல்-ஒ-டூர்ட் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலம் கட்டும் வேலையால் லேன்கள் மூடப்படும். புறப்படமுன் வீதி நிலைமை சொல்லும் கியூபெக் 511 சேவையைப் பாருங்கள். டொலார்-டே-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் நகர மையம் வரை போகவேண்டாம், அது மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்திலேயே வந்துவிடும். மொன்றியல் தீவு முழுக்கச் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது. ஒன்ராறியோப் பழக்கத்தில் திரும்பித்தான் பலர் ரிக்கற் வாங்குகிறார்கள்.

ஜி1 என்ற பழகுநர் லைசன்ஸ் வைத்திருப்பவர் 401இல் ஓட்ட முடியாது, பக்கத்தில் அனுபவமுள்ளவர் இருந்தாலும் சரி; லைசன்ஸ் பெற்ற ஓட்டுநர் பயிற்றுநர் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஊர் லைசன்ஸ் ஒன்ராறியோவில் குடியேறி 60 நாள் வரைதான் செல்லும். வேக எல்லைக்கு மேல் 50 கி.மீ. கூட ஓடிப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே லைசன்ஸ் 30 நாளும் கார் 14 நாளும் போய்விடும். குளிர்காலத்தில் விண்ரர் ரயர், மைனஸ் 40 தாங்கும் வொஷர் திரவம், எப்போதும் அரைத் தாங்கிக்குக் குறையாத பெற்றோல், ஒரு கம்பளி. பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். கிங்ஸ்ரனுக்கும் கோர்ன்வாலுக்கும் இடையில் 401ஐ மூடினால் காருக்குள்ளேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும்.