‘டிரிஃப்ட்’ — நகர்வா, வளர்பிழையா, ஊர்வா?

வணக்கம்.

அளவுக் கருவி காலப்போக்கில் தானாக மெல்லப் பிசகுவதை ஆங்கிலத்தில் ‘டிரிஃப்ட்’ என்பார்கள். செயற்கைக்கோளால் கடல்மட்டம் அளப்பது பற்றிய நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதன் தமிழ் வேண்டும். காட்பாடி அன்பர் ‘நகர்வு’ என்கிறார். செயற்கைக்கோளும் நகர்கிறது, கடல்நீரோட்டமும் நகர்கிறது. மூன்றாவதாக எது நகர்கிறது என்று வாசகர் விழிப்பார். ‘நகர்பிழை’ என்றாலோ நம்மூரில் காந்தி நகர்ப் பக்கம் ஏதோ பிழை என்றுதான் படிப்பார்கள்.

முதலில் பொருள். நகைக்கடைத் தராசு காலித் தட்டிலேயே எப்போதும் 20 மில்லிகிராம் காட்டினால் கழித்துக்கொள்ளலாம், அது நிலைப்பிழை. காலையில் 0, மதியம் 20, மாலையில் 50 என்று தானாக ஏறினால்தான் வம்பு. நாம் சொல் தேடுவது இதற்கு.

1992இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோள், 1,336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்பு கடல்பரப்புக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து கடல்மட்டம் கண்டது. ஒவ்வொரு அளவிலும் சில செ.மீ. பிழை உண்டு. பத்து நாள் சுற்றில் கிடைக்கும் லட்சக்கணக்கான அளவுகளைச் சராசரி எடுத்தால் இந்தச் சிதறல் அடங்கிவிடும். டிரிஃப்ட் அடங்காது, எல்லா அளவிலும் ஒரே பக்கமாக ஏறுவதால் சராசரிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். 1993 முதல் கடல்மட்ட உயர்வே சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ.க்குச் சற்று மேல்தான். கருவி ஆண்டுக்கு 1 மி.மீ. பிசகினால் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போச்சு.

பிசகும் இடங்கள் பல. டோபெக்ஸ் ரேடாரின் ஏ பக்க மின்னணுப் பகுதி மெல்லத் தரம் குறைந்ததால், 1999 பிப்ரவரியில் மாற்றாக வைத்திருந்த பி பக்கத்துக்கு மாற்றினார்கள். இன்னொன்று நீராவி: துடிப்பைத் தாமதப்படுத்தி, ஈரமான வெப்பமண்டலக் காற்றில் 30 செ.மீ.க்கு மேல்கூடத் தூரத்தைக் கூட்டிக் காட்டும். அதைத் திருத்தத்தான், நீராவியை அளக்கும் மைக்ரோவேவ் ரேடியோமீட்டர். அந்த ரேடியோமீட்டரே பிசகினால் திருத்தமே பிழையாகிறது.

> இன்னோர் அன்பர் கேட்கிறார்: ‘வளர்பிழை’ எப்படி? வளர்பிறை போல நாவில் நிற்கும்.

நிற்கும். ஆனால் பிசகு சில ஆண்டு ஏறி நின்றுவிடுவதும் உண்டு, திரும்பி இறங்குவதும் உண்டு. அப்போது ‘தேய்பிழை’யும் தேட வேண்டிவரும்.

என் முன்மொழிவு ‘ஊர்வு’. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிற அந்த மெதுவு இதில் இருக்கிறது. வினையாகவும் ஓடும்: ‘ரேடியோமீட்டர் ஊர்கிறது’, ‘ஊர்வு வீதம்’, ‘ஊர்வுத் திருத்தம்’. ‘ஊர்பிழை’ வேண்டாம், வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, ஆனால் அச்சில் யாராவது ‘ஊர்ப்பிழை’ ஆக்கிவிடுவார்கள்.

மறுமொழி, ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா, ‘ஊர்வு’ நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பக்கம் பாய்லர் குழாய்க்காரர்கள் அதை ‘க்ரீப்’ என்று எடுத்துக்கொள்வார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகம் மெல்ல நீள்வது. முதல் இடத்தில் ‘அளவு ஊர்வு’ என்று முழுதாக எழுதினால் குழப்பமில்லை.

இன்னொன்று: ஊர்வைப் பிடிக்கக் கரையோர ஓதமானிகளோடு (கரையிலிருந்தே கடல்மட்டம் அளக்கும் கருவிகள்) ஒப்பிடுகிறார்கள். துறைமுகத் தரையே தாழ்ந்தால் ஓதமானியும் பொய் சொல்லும். பக்கத்தில் ஜிபிஎஸ் வைத்துத் தரையின் அசைவைக் கழிக்க வேண்டும். அதையும் ‘தரை ஊர்வு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘தரைத் தாழ்வு’ போதும்.

மறுமொழி:

ஏற்கிறேன் அம்மா. ‘அளவு ஊர்வு’ என்றே பட்டியலில் சேர்க்கிறேன்.