தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை

என் பைக் 150 சிசி, பத்து வருடப் பழசு, 62,000 கிலோமீட்டர் ஓடியது. போன மாதம் ஆயில் குறைந்து இன்ஜின் போய்விட்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் ஆயில் மாற்றாமல் ஓட்டுகிற ஆள் இல்லை நான். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை தவறாமல் மாற்றுவேன். தேதியும் மீட்டர் அளவும் டைரியில் இருக்கும். நடுவில் ஒரு நாளாவது ஆயில் அளவு காட்டுகிற ஸ்டிக்கை எடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் வந்தது சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் உச்சியில் இருக்கிற ஹெட்டில் தையல் மெஷின் ஓடுவது போல டிக் டிக். வால்வை அசைக்கிற டேப்பட் லூசாக இருக்கும், சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் நியூட்ரல் விழாமல் படுத்தியது. கிளட்ச் கேபிளை இழுத்துக் கட்டினேன். அப்புறம் மேடு ஏறும்போது இழுவை குறைந்தது. ஏர் பில்ட்டரைத் தட்டித் துடைத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

ஆயில் மேல் சந்தேகம் வராததற்கு வண்டி நிற்கிற இடமும் ஒரு காரணம். வெள்ளை டைல்ஸ் தரை. ஒரு சொட்டு விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். கறையே இல்லை. ஒழுகாத ஆயில் எங்கே போகும்?

சைலன்சர் வழியாகப் போயிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்துவிட்டால் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைச் சரியாக வழித்து இறக்காது. மிச்சம் நிற்பது பெட்ரோலோடு சேர்ந்து எரியும். நீலப் புகை வரும் என்பார்கள். வந்திருக்கும், பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டுகிறவனுக்கு எங்கே தெரிகிறது? பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஊற்றுவது ஒரு லிட்டர். 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லி எரிந்தால்கூட, 5,000 வரும்போது கால் லிட்டர்தான் மிச்சம்.

கடைசி நாள் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஒரே வேகத்தில் போயிருப்பேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேகம் இறங்கியது. ஆக்சிலேட்டரைத் திருகினேன். ஒரு கிரீச், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு வழுக்கியது. கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்தது, அதனால் விழவில்லை. உருண்டு ஓரம் போய் நின்றேன். கருகிய வாசனை. கிக்கரை மிதித்தால் பாறையை மிதித்த மாதிரி இருந்தது.

அரை மணி நேரம் ஆறியதும் கிக்கர் இறங்கியது, ஸ்டார்ட்டும் ஆனது. இங்கேதான் என் மகா முட்டாள்தனம். 12 கிலோமீட்டர் வீட்டுக்கு ஓட்டியே வந்தேன்.

மறுநாள் மெக்கானிக் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். தார் மாதிரி ஒரு டம்ளர் வந்தது. அதை வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஜிகினா தூவிய மாதிரி மின்னியது, அத்தனையும் உலோகத் தூள். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல், நகத்தை வைத்து இழுத்தால் மாட்டியது. ஹெட்டில் வால்வைத் திறக்கிற கேம் ஷாப்டின் மூக்கு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. கீழே இருக்கிற பம்ப்பிலிருந்து ஹெட் தூரம் என்பதால் ஆயில் கடைசியாகப் போய்ச் சேருவது அங்கேதான், குறைந்தால் முதலில் காய்வதும் அங்கேதான் என்றார். தையல் மெஷின் சத்தத்துக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. பிறகு பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆடவே கூடாது, டக் டக் என்றது. “அந்தப் பன்னெண்டு கிலோமீட்டர் ஓட்டாம தள்ளிட்டு வந்திருந்தா சிலிண்டரைக் கடைஞ்சு போர் மட்டும் அடிச்சு முடிச்சிருக்கலாம்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

போர் அடித்து 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேம், ராக்கர், ராட் கிட் என்று எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. இப்போது ஞாயிறுதோறும் ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து, திரும்ப இறுகத் திருகி, எடுத்துப் பார்க்கிறேன். லெவல் எப்போதும் மேல்கோட்டில் நிற்கிறது. நிம்மதி. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

* * *

எனக்கு நேர்மாறாக நடந்தது. லெவல் குறையவில்லை, ஏறியது! மேல்கோட்டுக்கும் மேலே நின்றது. நம் வண்டி ஆயிலே குடிக்காத வண்டி என்று பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்டிக்கைத் துடைத்த துணியிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தது. விரலில் தொட்டால் தண்ணீராக ஓடியது.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை மூடித் திறக்கிற ப்ளோட் ஊசிக்கு அடியில் தூசி மாட்டி, ஊசி சரியாக மூடவில்லை. நான் பெட்ரோல் டேப்பை மூடுகிற வழக்கமே இல்லாத ஆள். ராத்திரி முழுக்கப் பெட்ரோல் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கி, ரிங் இடுக்கு வழியாக ஆயிலில் கலந்திருக்கிறது. அளவு நிறைய இருக்கும், வழவழப்பு இருக்காது. குறைவாக இருப்பதை விட இது மோசம் என்பேன், பார்த்தாலும் ஏமாற்றுகிறதே. ஊசியை மாற்றி, ஆயிலை இரண்டு தடவை வடித்து ஊற்றினோம். பெரிய சேதம் இல்லாமல் தப்பித்தேன்.

* * *

முதல் நண்பருக்கு: உங்களுக்குத் தரையில் சொட்டு இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் என் ஆயில் எரியவில்லை. செயினை ஓட்டுகிற முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற ஆயில் சீல் போய், வண்டி ஓடும்போது மட்டும் கசிந்து செயினில் போயிருக்கிறது. நின்றால் நின்றுவிடும். செயின் எப்போதும் நனைந்து பளபளவென்று இருந்தது. ஸ்பிரே அடித்தது நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் வண்டியில் ஆயில் லைட் உண்டு. வளைவில் சாயும்போது ஒரு மினுக், நிமிர்ந்தால் இல்லை. வயர் லூஸ் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை, பிரஷர் விழுந்தால்தான் எரியும். சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. நல்லவேளை, இரண்டாவது மினுக்கிலேயே இன்ஜினை அணைத்துவிட்டேன்.

* * *

இதையெல்லாம் படித்துப் பயந்து யாரும் கூடுதலாக ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன், 300 மில்லி. இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் வழியாக ஏர் பில்ட்டர் பெட்டிக்குள் ஆயில் வந்து, பில்ட்டர் ஊறி, வண்டி இருமிக்கொண்டே ஓடியது. வேறொன்றும் ஆகவில்லை. கழுவுவதற்குத்தான் ஒரு நாள் ஆனது.

* * *

முதல் பதிவு போட்ட நண்பரே, ஒரு சந்தேகம். ஸ்டிக்கை “இறுகத் திருகி” பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதா? பல மாடல்களில் திருகக் கூடாது, ஓட்டையின் வாயில் சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் திருகினால் ஸ்டிக் கூடுதலாக உள்ளே இறங்கும், இருப்பதை விட அதிகமாகக் காட்டும். சில மாடல்களில் திருகித்தான் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது, அதனால் உங்கள் புத்தகத்தைப் பாருங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் கணக்கு தப்பும். இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, மேலே போன ஆயில் கீழே இறங்கிய பிறகு பாருங்கள்.

* * *

நண்பரே, உங்கள் பதிலைப் படித்ததும் எழுந்து போய்ப் புத்தகத்தைத் தேடினேன். பத்து வருடமாகப் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. திருகக் கூடாது என்று படத்தோடு போட்டிருக்கிறான். சென்டர் ஸ்டாண்டு போட்டு, திருகாமல் வைத்து எடுத்தேன். கீழ்க்கோட்டில் நிற்கிறது. 200 மில்லி ஊற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மெக்கானிக்கிடம் சொல்லப் போவதில்லை.