மேக்னடைட் நானோ துகள்களோடு பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கருந்துகள், கிளமெண்டி:
மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்தத் திங்கட்கிழமைக் காலை என் நினைவைவிட்டு அகலவில்லை. ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள கரிய இரும்பு ஆக்சைடு) துகள்களை நானே வீழ்படிவாக்கிக் கழுவி, வெள்ளிக்கிழமை மாலை கண்ணாடித் தட்டில் மூடாமல் வைத்துவிட்டுத் தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்காவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது கன்னங்கரேலென்று இருந்த பொடி செம்பழுப்பாக மாறி, தட்டின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டுமே கருமை எஞ்சியிருந்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் பொடி முன்போலவே துள்ளி வந்து ஒட்டியதால், கெட்டுப்போகவில்லை என்று நம்பி எபாக்சிப் பிசினில் கலந்துவிட்டேன். காந்த அளவீட்டில் வளைகோடு போகும்போதும் வரும்போதும் ஒரே தடத்தில் சுழியைக் கடந்தது. எச்சக் காந்தம், அதாவது வெளிப்புலத்தை நீக்கியபின் தங்கும் காந்தம், துளியும் இல்லை. இவ்வளவு சிறிய துகளுக்கு அதுவும் சரியாகவே தோன்றியது. உச்சக் காந்தமாக்கல் மட்டும் குறைந்திருந்தது. மேக்னடைட் ஆக்சிஜனேறி மாறி உருவான மேக்ஹமைட் என்ற பழுப்பு இரும்பு ஆக்சைடும் காந்தப் பொருளே என்பதால், ஒட்டுகிறதா என்று பார்ப்பது சோதனையே ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது. நம் சிங்கப்பூர் ஈரக்காற்று செய்த வேலை அது.

அலைவழி, பொங்கோல்:
துகள் கலந்த எபாக்சி நுண்ணலைக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று அளக்க நானும் வில்லை வார்த்தேன். என் சிக்கல் எபாக்சி இறுகியபின் வந்தது. 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் அலைவழிக் குழாயின் (நுண்ணலை உள்ளே செல்லும் செவ்வக உலோகக் குழாய்) உட்புறம் 22.86 மில்லிமீட்டருக்கு 10.16 மில்லிமீட்டர். என் வில்லை இறுகும்போது சற்றே சுருங்கிவிட்டது. மின்காப்பு மாறிலி (பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்ற அளவு) நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக வந்ததால் இரண்டு வாரம் கணக்கில் பிழை தேடினேன். கடைசியில் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, அகலச் சுவரையொட்டி நூலிழை போல ஒளி தெரிந்தது. மின்புலம் அந்தச் சுவருக்குச் செங்குத்தாக நிற்பதால், அங்கே உள்ள இடைவெளிதான் அளவீட்டை அதிகம் கெடுக்கிறது.

பழைய மாணவன், ஜூரோங் வெஸ்ட்:
கருந்துகள் அவர்களே, ஈரக்காற்றின்மேல் முழுப் பழியையும் போடுவதை நான் ஏற்கவில்லை. அந்த அளவுத் துகளில் அணுக்களில் கணிசமான பங்கு மேற்பரப்பிலேயே இருப்பதால், உலர்ந்த காற்றிலுள்ள ஆக்சிஜனே அதை மாற்றப் போதும். எனக்கும் ஒருமுறை பழுப்பானது. அவ்வளவுதான் என் கதை. இனிச் செய்வோர் துகள்களை உலர்த்தாமல், ஆக்சிஜன் நீக்கிய எத்தனாலில் மூழ்கவைத்து, நைட்ரஜன் நிரப்பிய புட்டியில் மூடிவையுங்கள். ஓலியிக் அமிலம் பூசினால் துகள்கள் திரளாமலும் இருக்கும். எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவை மட்டும் நம்பாதீர்கள். மேக்னடைட், மேக்ஹமைட் இரண்டும் ஸ்பினல் என்ற ஒரே வகைப் படிக அமைப்பு என்பதால் கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று விழும். இரும்பு அணுக்களின் நிலையைக் காமா கதிரால் காட்டும் மோஸ்பாவர் அளவீடு கிடைத்தால் ஐயம் தீரும். துகள்களை எபாக்சியில் கலந்தபின் நெடுநேரம் விடாமல், அடியில் படியும் முன்பே இறுகச் செய்யுங்கள்.

மெல்லிய தகடு, செங்காங்:
மேலே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நானோகுழாயும் ஃபெரைட்டும் (இரும்பு ஆக்சைடு சார்ந்த காந்தப் பொருள்) சேர்ந்த என் வில்லை, உலோகத் தகட்டின்மேல் வைத்து அளந்தபோது ஒரு அலைவெண்ணில் எதிரொளிப்பை −38 டெசிபெல்லுக்கு, அதாவது ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே, இறக்கியது; வரைபடத்தில் அது ஆழமான பள்ளமாகத் தெரிந்தது. அலையை முழுவதும் விழுங்கிவிட்டது என்று ஆசிரியரிடம் ஓடினேன். அவர் ஒன்றும் பேசாமல் 0.3 மில்லிமீட்டர் தேய்க்கச் சொன்னார்; பள்ளம் உயர் அலைவெண்ணுக்கு நகர்ந்தது. முன்பரப்பில் திரும்பும் அலையும் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும், கால் அலைநீளத் தடிப்பில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதே அந்தப் பள்ளம். பிறகு தகட்டையே எடுத்துவிட்டு மறுமுனையில் அளந்தோம். அலையில் பெரும்பகுதி அங்கே வந்து சேர்ந்திருந்தது.